மூன்றாம் வருஷம்தான் ஞானோதயமா? பரவாயில்லை!



மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பகுதியில் கோவை வாசகி ஒருவர் தன் அக்கா மகளைப் பற்றி எழுதியிருந்தார். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பெண். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். இப்போது திடீரென்று, "நான் டாக்டருக்குப் படிக்கணும்" என்கிறாளாம். மார்க் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை. ஆஸ்பத்திரித் தொண்டு இல்லை, ஆராய்ச்சி இல்லை, ஒரு மாணவர் சங்கத்தில்கூடப் பெயர் இல்லை. "இனிமேல் ஆரம்பித்துப் பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டிருந்தார்.

அதற்குப் பதில் எழுதிய இருவரில் ஒருவர், "காலம் கடந்து விட்டது. வேறு படிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்கிறார். இன்னொருவர், "நம்ம ஊர் டிரஸ்ட் எதிலாவது சொல்லி, சேவை செய்ததாக ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்பி விடுங்கள். அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார். முதல் பதிலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவதைக் கேட்டு வந்த கோபத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி வந்து 27 வருடமாக நியூஜெர்சியில் இல்லத்தரசி. என் அம்மா இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் எனக்குப் படித்துக் காட்டுவார். என் மகளும் மூன்றாம் வருடத்தில்தான் விழித்துக் கொண்டவள். 2025 ஆகஸ்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். அதனால் காதில் விழுந்ததை வைத்து எழுதவில்லை. வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊர் முறையைச் சொல்லி விடுகிறேன். நம் தமிழ்நாட்டில் மருத்துவம் என்றால் மார்க்தான். 1984ல் நுழைவுத் தேர்வு வந்தது, பிறகு அது போய் பிளஸ் டூ மார்க் மட்டும் என்றானது, 2017லிருந்து நீட். தேர்வுதான் மாறியிருக்கிறதே தவிர, "நீ என்ன மார்க்?" என்ற கேள்வி மாறவில்லை. அமெரிக்காவில் பள்ளி முடித்ததும் மருத்துவக் கல்லூரிக்குப் போக முடிவது மிகச் சிலருக்கே. மற்றவர்கள் நாலு வருடம் ஒரு டிகிரி படிக்க வேண்டும். அதற்கப்புறம் எம்கேட் என்று ஒரு தேர்வு. அதில் குறைந்த மார்க் 472, அதிகபட்சம் 528! எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கோ! அதோடு பொது விண்ணப்பத்தில் "உன் வேலைகள், ஈடுபாடுகள்" என்று ஒரு பகுதி. 15 வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. இடைவெளி, புள்ளி எல்லாம் அதற்குள்ளேயே. மூன்றை மட்டும் "எனக்கு மிக முக்கியமானவை" என்று குறித்து இன்னும் 1325 எழுத்து எழுதலாம். என்று ஆரம்பித்தாய், எத்தனை மணி நேரம் செய்தாய், அதற்குச் சாட்சி யார் என்று எல்லாம் கேட்பார்கள்.

15 இடம் இருக்கிறதே என்று 15ஐயும் நிரப்பியாக வேண்டும் என்று எங்கள் ஊர்த் தமிழ் அம்மாக்கள் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது.

எதற்கு இதெல்லாம் கேட்கிறார்கள்? ஒரு நாள்கூட நோயாளி பக்கத்தில் உட்காராதவள், "டாக்டராவதுதான் என் லட்சியம்" என்றால் அதை எப்படி நம்புவது? கேட்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2024ல் இங்கே எம்.டி. படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் கிட்டத்தட்ட 52 ஆயிரம் பேர். சேர்ந்தவர்கள் 23 ஆயிரம். மார்க் உள்ளவர்களே குவிந்து கிடக்கும்போது, வேறு எதையாவது பார்த்துத்தானே பிரிக்க முடியும்?

நம் வீட்டுப் பிள்ளைகள் இதில் பின்தங்குவதற்குக் காரணம் தேட வெளியே போக வேண்டாம். "படிக்கிற வேலையைப் பாரு, மத்ததெல்லாம் அப்புறம்" என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. தட்டைக்கூடக் கழுவ விட மாட்டோம். பரதநாட்டியத்துக்கு மட்டும் விதிவிலக்கு. 15 வயதில் மண்டபம் பிடித்து, பக்கவாத்தியத்துக்கு ஊரிலிருந்து ஆள் வரவழைத்து, கல்யாணச் செலவில் அரங்கேற்றம் செய்வார்கள். அந்த ஆல்பத்தோடு நாட்டியம் நின்று போயிருக்கும். பள்ளிக்கூடக் காலத்தோடு நின்று போனதற்கு விண்ணப்பத்தில் பெரிய மதிப்பில்லை. ஆனால் அதே பெண் கல்லூரி நாட்களிலும் விடாமல், சனிக்கிழமைதோறும் நாலு குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அது கணக்கில் வரும். என் மகள் அப்படித்தான் எங்கள் வீட்டு நிலவறையில் ஆறு குழந்தைகளுக்கு அடவு சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தாள். அதைத் தான் செய்த ஒரு காரியமாகவே அவள் நினைக்கவில்லை. "ஒண்ணுமே செய்யலை" என்று அழுகிற பிள்ளைகளை உட்கார வைத்து நிதானமாகக் கேட்டால் இப்படி ஒன்றிரண்டு தேறும். உடம்புக்கு முடியாத தாத்தாவைப் பார்த்துக் கொண்டது, கடையில் பகுதி நேரம் வேலை பார்த்தது எல்லாம் எழுதலாம்.

என் மகள் உயிரியல் படித்துக் கொண்டிருந்தாள். இந்த மாநிலத்தில் மருந்துக் கம்பெனிகள் அதிகம். எதிலாவது வேலைக்குப் போவாள் என்று நினைத்திருந்தோம். 2022 பிப்ரவரியில், "அம்மா, நான் மெடிசன் போறேன்" என்றாள். ஏன் என்பது அவள் சொந்த விஷயம், இங்கே வேண்டாம். பிறகு காலண்டரை எடுத்தோம். இங்கே மே கடைசி, ஜூனில் விண்ணப்பம் போட்டால் அடுத்த வருடம் ஆகஸ்டில்தான் வகுப்பு. அதாவது 2023 மே மாதம் டிகிரி முடித்த கையோடு சேர வேண்டுமானால், 2022 ஜூனிலேயே விண்ணப்பம் போட்டாக வேண்டும். கையில் இருந்தது நாலு மாதம்!

பெற்றவர்கள் பதறுவதும் குறுக்கு வழி தேடுவதும் இந்த இடத்தில்தான். நாலு மாதத்துக்குள் ஆஸ்பத்திரி, ஆராய்ச்சி, ஏழைக் குழந்தைகளுக்கு டியூஷன், ரத்த தான முகாம் என்று பத்து இடத்தில் காலை வைத்து, பத்திலும் பத்து மணி நேரம் செய்து, பட்டியலை நீட்டுவார்கள். விண்ணப்பம் படிக்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. எல்லாமே ஒரே பிப்ரவரியில் ஆரம்பித்திருந்தால் அவர்களுக்குப் புரியாதா?

நாங்கள் வேறு மாதிரி முடிவெடுத்தோம். 2022 விண்ணப்பம் வேண்டாம், 2023ம் வேண்டாம். 2024 ஜூனில் போட்டால் போதும். நாலு மாதம் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆனது. அவ்வளவுதான் ரகசியம். லேட்டாக ஆரம்பித்ததை ஒன்றும் செய்ய முடியாது. விண்ணப்பம் போடும் தேதி நம் கையில்தானே இருக்கிறது? கல்லூரி முடித்து ஒரு வருடம், இரண்டு வருடம் வேலை பார்த்து விட்டுச் சேருகிறவர்கள்தான் இங்கே பாதிக்கு மேல். சேருகிறவர்களின் சராசரி வயதே 24 ஆகிறது.

அந்தக் கோடையில் அவள் நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்குப் போனாள். நர்ஸிங் ஹோமில் வேலை செய்ய குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது இங்கே மத்திய அரசு விதி. முடித்ததும் முதியவர்கள் தங்கும் ஒரு நர்ஸிங் ஹோமில் சனி, ஞாயிறு வேலை. டிகிரி முடிந்த பிறகு முழு நேரம். என்ன வேலை என்கிறீர்களா? குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மலஜலம் எடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது. அப்படிச் செய்யாவிட்டால் முதுகில் புண் வந்து விடும்.

விஷயம் எங்கள் வீட்டுக்காரர் வழி உறவுக்குத் தெரிந்ததும் ஊரிலிருந்து ஃபோன். "டாக்டருக்குப் படிக்கப் போற பொண்ணை ஆயா வேலைக்கு அனுப்பியிருக்கீங்களா? வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்றார் என் நாத்தனார். மாமியாருக்கு அழுகையே வந்து விட்டது. "ஏன் கண்ணு, உனக்கு என்ன தலையெழுத்து? நம்ம வீட்டுல எவளாவது இதையெல்லாம் தொட்டிருக்காளா?" என்று பேத்தியிடம் கேட்டார். அவள் சிரித்துக் கொண்டே, "பாட்டி, நாளைக்கு உங்களுக்கு வேணும்னா நான்தானே செய்யணும், பழகிக்கறேன்" என்றாள். மாமியார் அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நாத்தனார் மட்டும் யார் கேட்டாலும் "ஆராய்ச்சி பண்றா" என்றுதான் சொல்லிக் கொண்டிருந்தார். போகட்டும்.

அந்த வேலையில் அவள் கற்றுக் கொண்டதை எந்த வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள்? பக்கவாதம் வந்த ஒரு பாட்டிக்குச் சாப்பாடு ஊட்டுவது அவள் பொறுப்பு. விழுங்கும் சக்தி குறைந்து விட்டதால் சாதாரணத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதாம். நுரையீரலுக்குள் போய் விடுமாம். ஒரு மாவு கலந்து தண்ணீரையே கஞ்சி மாதிரி கெட்டியாக்கி, அரைக் கரண்டி, அரைக் கரண்டியாகக் கொடுக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிய 40 நிமிடம். நடுவில் அவசரப்படுத்தினால் அந்தம்மா வாயை இறுக்கி மூடிக் கொள்வாராம். "டாக்டர் வந்து ரெண்டு நிமிஷத்துல பார்த்துட்டுப் போயிடறார்மா. சரியா சாப்பிடலைன்னு எழுதறார். ஏன் சாப்பிடலைன்னு தெரியணும்னா 40 நிமிஷம் உக்காரணும்" என்றாள் ஒரு நாள். நேர்முகத் தேர்வுக்குப் போன இடங்களில் மார்க் பற்றி அதிகம் பேசவில்லையாம். இந்தப் பாட்டியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கும் அந்த அழைப்பு வந்தது. வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் சென்னையில் இருக்கிறார். ரொம்பப் பிரியமானவர், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. "அண்ணி, நமக்குத் தெரிஞ்ச டிரஸ்ட் இருக்கு. 500 மணி நேரம் சர்வீஸ்னு லெட்டர்ஹெட்ல போட்டுத் தரச் சொல்றேன். சீல் எல்லாம் இருக்கும்" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக் கொண்டிருந்த மகள், "சித்தப்பா, அந்த 500 மணி நேரமும் நான் இங்க பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தேனே!" என்றாள். அவர், "அட, லீவுல வந்தேன்னு போட்டுக்கலாம்" என்றார் சாவதானமாக.

சகோதரிகளே, மாட்டிக் கொள்வோம் என்ற பயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கும் குறைவில்லை. எழுதியதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி கொடுத்துத்தான் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். சந்தேகம் வந்தால் விசாரிப்பார்கள். அந்த விசாரணை அறிக்கை அவள் விண்ணப்பித்த கல்லூரிகளுக்கெல்லாம் போகும். அதையும் விடுங்கள். நேர்முகத்தில் ஒருவர் சாதாரணமாக, "அந்த இல்லத்தில் உன் மனதில் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? இல்லாத ஒரு பாட்டியை உண்டாக்கி, அவளுக்கு ஒரு வியாதியும் உண்டாக்கி, கண்ணீரும் வரவழைக்க வேண்டும். 22 வயதில் அதைக் கூசாமல் செய்யப் பழகியவள், நாளைக்கு நோயாளியின் கேஸ் ஷீட்டில் பார்க்காத பரிசோதனையைப் பார்த்ததாக எழுத மாட்டாள் என்று என்ன நிச்சயம்? அந்த டாக்டரிடம் உங்கள் குழந்தையைக் காட்டுவீர்களா?

நேர்மையாக இருந்தால் மணி நேரம் குறைவாகத் தெரியுமே என்று கவலை வேண்டாம். இதுவரை செய்தது எவ்வளவு, இனி செய்யப் போவது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டவே விண்ணப்பத்தில் வழி இருக்கிறது.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. லீவுக்கு இந்தியா வரும்போது, டாக்டர் மாமாவின் ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கொண்டு போய் விடுவது. நின்று பார்ப்பதோடு இருந்தால் தப்பில்லை. சில இடங்களில் ஒரு படி மேலே போய், ஊசி போட விடுகிறார்கள், தையல் போட விடுகிறார்கள். பையனும் பெருமையாக அதை எழுதிக் கொள்கிறான். பயிற்சி இல்லாத மாணவர்கள் வெளிநாடுகளுக்குப் போய் இப்படிச் செய்யக் கூடாது என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே எச்சரித்திருக்கிறது. இங்கே செய்தால் குற்றம், அங்கே ஏழை நோயாளி மேல் செய்தால் அனுபவமா? படிக்கிறவர்களுக்கு முகம் சுளிக்கத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இங்கேயே டாக்டர் பின்னால் நிழல் மாதிரி நின்று பார்ப்பதற்கு ஷேடோயிங் என்று பெயர். 1996ல் வந்த ஒரு சட்டத்தால் நோயாளிகளின் ரகசியத்தை இங்கே கண்டிப்பாகக் காப்பாற்றுகிறார்கள். அதனால் தெரியாத டாக்டரிடம் இடம் கிடைப்பது சிரமம். என் மகள் முப்பது பேருக்கு மேல் கடிதம் எழுதி, இரண்டு பேர் பதில் போட்டார்கள். அது போதுமானதாக இருந்தது. மாதக்கணக்கில் நின்று பார்க்க அதில் ஒன்றுமில்லை.

எல்லோராலும் இரண்டு வருடம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்பீர்கள். கஷ்டம்தான். கல்லூரிக் கடன் வாங்கியவர்களுக்கு, மத்திய அரசுக் கடனாக இருந்தால் முடித்த ஆறு மாதத்தில் தவணை ஆரம்பித்து விடும். என் மகள் வீட்டிலேயே இருந்தாள். வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை. அந்த வசதி இல்லாத பிள்ளைகள் சம்பளம் வரும் வேலையாகவே பார்த்துக் கொள்ளலாம். தொண்டு என்றால் இலவசமாகத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. டாக்டர் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற ஸ்கிரைப் வேலை, ஆம்புலன்ஸ் வேலை எல்லாம் சம்பளத்தோடு கிடைப்பவை. அரைகுறையாக அவசரப்பட்டு விண்ணப்பம் போடுவது மட்டும் லாபமா என்ன? 2024ல் முதல் கல்லூரிக்கு 175 டாலர், அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் 40 டாலருக்கு மேல். இங்கே பதினைந்து, இருபது கல்லூரிக்குப் போடுகிறார்கள். பிறகு பெரும்பாலான கல்லூரிகள் தனியாக ஒரு கட்டணம் கேட்கும். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் அத்தனையும் மறுபடி!

பணத்தைவிட நம் வீடுகளில் பெரிய தடை வயதுதான். "24 வயசுல சேர்ந்து, நாலு வருஷம் படிச்சு, அதுக்கு மேல ஸ்பெஷல் பயிற்சி மூணு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம்... எப்ப கல்யாணம் பண்றது?" என்று கேட்காத சொந்தம் இல்லை. எங்கள் தெருவிலேயே இன்னொரு தமிழ்க் குடும்பத்துப் பையன் மூன்று வருடம் இடைவெளி விட்டுத்தான் சேர்ந்தான். அவனிடம் யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை. "பொறுமையா, நல்லா தயார் பண்ணிச் சேர்ந்தான்" என்று பாராட்டினார்கள். பத்து வருடத்துக்கு மேல் படிக்கப் போகிற பெண்ணுக்கு முன்னால் இரண்டு வருடம் கூடினால் குடி முழுகி விடுமா? பிள்ளைக்கு ஒரு காலண்டர், பெண்ணுக்கு ஒரு காலண்டர் வைத்திருப்பது நாம்தான்.

கோவை சகோதரிக்கு இப்போது நேரடியாக ஒன்று சொல்கிறேன். உங்கள் அக்கா மகள் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவித்தால், பக்கத்தில் ஹாஸ்பிஸ் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். இனி குணமாகாது என்று தெரிந்தவர்களை வலியில்லாமல் கவனித்துக் கொள்ளும் அமைப்பு அது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டுப் பணம் வாங்கும் ஹாஸ்பிஸ்களில், நோயாளிகளுக்காகச் செலவிடும் நேரத்தில் 5 சதவீதமாவது தொண்டர்கள் செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதனால் அவர்களுக்கு ஆள் எப்போதும் தேவை. மனதிடம் வேண்டும், இருந்தால் போகலாம்.

இன்று போய்க் கேட்டால் நாளைக்கே உள்ளே விட மாட்டார்கள். விண்ணப்பம், போலீஸ் விவரம், காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசி ரிகார்டு, வகுப்பு என்று வாரக்கணக்கில் இழுக்கும். பல இடங்களில் ஆறு மாதமாவது வருவேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். ஆகையால் அக்காவிடம், பெண்ணின் சின்ன வயசுத் தடுப்பூசி அட்டையை முதலில் தேடி எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது பழைய பாஸ்போர்ட்டுகளோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

– ஒரு வாசகி, நியூஜெர்சி